அப்புறம் அக்கா

எழுத்தாளர் மாநாட்டின் அழைப்பிதழ் வந்தால் அவள் முதலில் பார்ப்பது மதியச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை எல்லாம் பிறகு. முக்கால் மணி என்று போட்டிருந்தால், "இது மாநாடு இல்ல, பஸ் ஸ்டாண்டு" என்பாள். ஒன்றரை மணி என்றால் முகம் மலர்ந்துவிடும்.

இந்த வருஷம் அழைப்பிதழ் கைபேசிக்கு வந்தது. விரலால் தள்ளித் தள்ளிச் சாப்பாட்டு நேரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. பல் டாக்டரின் படகு நாவலுக்குப் புதிய பதிப்பு. ஆசிரியர் நேரில் கலந்துகொள்கிறார்.

"ஏங்க, டாக்டர் வர்றாராம்."

அவள் கணவர் கூடத்துத் தரையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் மடங்காததால் ஒரு காலை நீட்டிக்கொண்டுதான் எந்த வேலையும்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"பல் டாக்டருங்க. படகு நாவல் எழுதினவரு."

"அட, என் நாவலா!"

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றாள். சொன்ன வேகத்தில் கைபேசி அணைந்துபோனது. மறுபடி திறந்து அந்த வரியைப் படித்தாள். நேரில் என்றுதான் இருந்தது.

அவளுக்கு அந்த மனிதரிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. அது பழைய கேள்வி. அவர் வரவே இல்லை என்பதால் கேட்க முடியாமலே கிடந்தது.

*

அவள் எழுத்தாளர் இல்லை. ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். வினாத்தாள், பள்ளி ஆண்டு மலர், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாள் என்று எது வந்தாலும் ஒரே அக்கறையோடு படிப்பாள். மாநாட்டுக்கு அவள் போனதே தற்செயல். மாநாட்டு மலர் அவர்கள் அச்சகத்தில் தயாரானது. கடைசி நேரத்தில் தலைவர் தன் படத்தை மாற்றச் சொன்னார், செயலாளர் தன் பட்டத்தைச் சேர்க்கச் சொன்னார். முதலாளி அலுத்துப்போய், "நீயே அங்க போய் உக்காந்து அவங்க என்ன சொன்னாலும் திருத்திட்டு வந்துரும்மா" என்று அனுப்பிவிட்டார். போனாள், திருத்தினாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்.

சாப்பாட்டு வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர் ஒரு பதிப்பாளர். பெரிய பதிப்பகம், ஆளும் பெரிய ஆள். எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொன்னார்கள். பக்கத்தில் அவருடைய சின்னப் பெண் அப்பாவின் சட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். வரிசை நகரவே இல்லை. பொழுது போக வேண்டுமே என்று, மலரில் தான் திருத்திய ஒரு கதையை அவள் பெரியவரிடம் சொன்னாள். தபால் பை ஒன்று தொலைந்துபோவதைப் பற்றிய கதை. பையைத் தேடிக்கொண்டு போகிறவன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் இடத்துக்கு வந்தபோது சாப்பாட்டு மேசை வந்துவிட்டது. அவள் தட்டை எடுத்தாள்.

"அப்புறம்?" என்றார் பெரியவர்.

"எனக்குச் சோறு வாங்கணுங்க. அதோ, குடையோட நிக்கிறாரே, அவரு எழுதினதுதான். அவர்கிட்ட கேளுங்க."

அவள் ஒரு உள்நோக்கமும் இல்லாமல் சொன்னதுதான். பெரியவர் தட்டோடு குடைக்காரரைத் தேடிப் போனார். குடைக்காரர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அடுத்த மாநாட்டில் அவர் கையில் ஒரு புத்தகம் இருந்தது. அவளைக் கண்டதும் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார்.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. மாநாட்டுக்கு முன்னால் அவள் வீட்டுக்குக் கையெழுத்துப் பிரதிகள் வர ஆரம்பித்தன. அவள் எதையும் பதிப்பாளரிடம் நீட்டியதில்லை. நீட்டினால் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள், பையோடு மறந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கதையை வரிசையில் சொல்வாள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துவாள். "அப்புறம்?" என்று கேட்டதும் எழுத்தாளர் நிற்கிற பக்கம் கை காட்டுவாள். எழுத்தாளரை எந்தத் தூணருகில் நிற்பது என்று காலையிலேயே சொல்லி நிறுத்தி வைத்திருப்பாள். பேர் அப்படித்தான் வந்தது. அப்புறம் அக்கா. அவளைவிட மூத்த புலவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

எங்கே நிறுத்துவது என்பதைக் கணவரிடம்தான் கற்றாள். அவர் கதை படிக்கிறவர் இல்லை. மாநாட்டுக்கு முந்தைய வாரம் அவர் எதையாவது பிரித்துப் போட்டு வேலை செய்யும்போது, அவள் அடுப்படியிலிருந்து கதை சொல்லிக்கொண்டே சமைப்பாள். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைக்கிற சத்தம் எந்த இடத்தில் கேட்கிறதோ அதுதான் நிறுத்துகிற இடம். பெரியவருக்கும் அப்படி ஒரு அடையாளம் உண்டு. அவருடைய கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டால் புத்தகம் வந்த மாதிரிதான்.

அந்தக் காலத்து மாநாடு விடுமுறையில் பூட்டிக் கிடந்த ஓர் ஆசிரியர் கல்லூரியில் நடந்தது. வகுப்பறைகளில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். கரும்பலகையில் யாரோ போட்டுவிட்டுப் போன கணக்கு பாதியில் நிற்கும். ஜன்னல் கம்பியெல்லாம் கவிஞர்களின் சட்டைகள் காயும். தண்ணீர்க் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டே ஒருவர் மற்றவரின் தொகுப்பைக் கிழிகிழியென்று கிழிப்பார், பிறகு இரண்டு பேரும் ஒரே பற்பசையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். முகவரி வாங்கினால் உள்ளங்கையில்தான் எழுதுவது. சாப்பிட்டுக் கை கழுவியதும் போய்விடும். விவரம் தெரிந்தவர்கள் இடது கையில் எழுதிக்கொண்டார்கள். பெயர் அட்டையைக் குண்டூசியால் குத்துவார்கள். மூன்றாம் நாள் எல்லார் சட்டையிலும் ஒரே இடத்தில் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். ஊருக்குத் திரும்புகிற ரயிலில் அந்த ஓட்டையை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

"உன் எழுத்தாளருங்க எல்லாம் சோத்துக்குத்தான் வர்றாங்க" என்பார் கணவர்.

"சோறு இல்லாத எடத்துல யார் நின்னு பேசுவாங்க?" என்பாள் அவள்.

*

பல் டாக்டர் ஒரு மழை வருஷத்தில் வந்தார். உயரமான மனிதர். நாளெல்லாம் குனிந்து வாய்க்குள் பார்த்துப் பார்த்து முதுகு அப்படியே நின்றுவிட்டது. எதிராளி பதில் பேசினால் திகைத்துப்போவார். அவரிடம் வருகிறவர்கள் வாயைத் திறந்து வைத்திருப்பார்களே தவிரப் பேசுவதில்லை. முதல் நாள் காலையில் ஒரு கவிஞரைப் பார்த்து, பழக்கதோஷத்தில், "கொஞ்சம் வாயத் தொறங்க" என்று சொல்லிவிட்டார். "கவிஞனப் பாத்து வாயத் தொறன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்யா" என்று கவிஞர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய நாவல் முன்பே அவளுக்கு வந்துவிட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேர், ஓர் ஆற்றில் படகு ஓட்டுகிறவர்கள். ஏதோ ஒரு சண்டை, பேச்சு நின்றுவிட்டது. ஆனால் படகு ஒன்றுதான். இவன் இந்தக் கோடியில் துடுப்புப் போடுகிறான், அவன் அந்தக் கோடியில். நடுவில் ஆட்கள். அக்கரை வந்ததும் அண்ணன் படகைப் பிடித்துக்கொள்ள, தம்பி இறங்குகிறவர்களுக்குக் கை கொடுப்பான். வருஷங்கள் இப்படியே போகின்றன. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் எழும்பிக்கொண்டிருக்கிறது. பாலம் திறக்கிற நாளும் வந்துவிடுகிறது.

அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. கடைசி அத்தியாயத்தை நகல் எடுக்க நேரமில்லை, மாநாட்டுக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார்.

வீட்டில் கதையைச் சொன்னபோது ஸ்க்ரூ டிரைவர் எப்போதோ தரைக்குப் போய்விட்டது. பாலம் திறக்கும் நாளில் அவள் நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"அதுதாங்க வரல. நகல் எடுக்கலயாம்."

"இதுல என்ன இருக்கு? அண்ணன் இந்தப் பக்கமிருந்து பாலத்துல ஏறுவான். தம்பி அந்தப் பக்கமிருந்து வருவான். நடுவுல பாத்துக்குவாங்க. தம்பிக்கு என்ன வேலை? எறங்கறவங்களுக்குக் கை குடுக்கறது. கைய நீட்டுவான். படகுலேருந்து எறங்கற மாதிரி அண்ணன் அதப் புடிச்சுக்குவான். முடிஞ்சுது."

"நீங்க ஃபேன மாட்டுங்க" என்றாள் அவள்.

மாநாட்டின் கடைசி நாள் சாப்பாட்டு வரிசையில் பெரியவர் கிடைத்தார். டாக்டரிடம் கடைசி அத்தியாயத்தை வாங்கிப் படிக்க நேரமில்லை. தேவையும் இல்லை, அவர்தான் தூணருகில் நிற்கிறாரே, அவரே சொல்லிக்கொள்வார் என்று ஆரம்பித்துவிட்டாள். பெரியவரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"அப்புறம்?"

அவள் கை காட்டினாள். தூணருகில் யாரும் இல்லை.

கட்டுரையாளர் ஒருவருக்குக் காலையிலிருந்து பல்வலி. யாரோ டாக்டரைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே அவர் டார்ச் விளக்கை ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கட்டுரையாளரின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வந்துருவாருங்க."

"வெளிய கார் நிக்குது, மழை வேற. நீங்களே சொல்லுங்கம்மா. என்ன ஆச்சு அந்த ரெண்டு பேருக்கும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நின்றுபோன அந்தக் கையை அவள் பார்த்தாள். அது மறுபடி தட்டுக்கு இறங்கிவிட்டால் டாக்டரின் கதை அவ்வளவுதான். வாயில் வந்தது கணவர் சொன்னது. சொல்லிவிட்டாள். பாலத்தின் நடுவில் தம்பி கை நீட்டினான்.

பெரியவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டே வந்தபோது, பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"பாலத்து நடுவுல கை குடுக்கறான் பாருங்க, அங்க ஆளயே கொன்னுட்டீங்க டாக்டர். நான் போடறேன். வேற யாருக்கும் குடுத்துராதீங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றார் டாக்டர்.

புத்தகம் வந்தது. அப்படி ஒரு வரவேற்பு வேறு எதற்கும் இருந்ததில்லை. கல்லூரியில் பாடமாக வைத்தார்கள். மேடைக்கு மேடை அந்தக் கடைசிக் காட்சியைச் சொல்லித் தழுதழுத்தார்கள். அவளுக்குத் தபாலில் ஒரு பிரதி வந்தது. முதல் பக்கத்தில் கையெழுத்து மட்டும். ஒரு வார்த்தை இல்லை. கடைசி அத்தியாயத்தைத் திறந்து பார்த்தாள். நன்றாக எழுதியிருந்தார். அவள் சொன்ன ஒரு சொல்கூட அதில் இல்லை. அந்தக் கை மட்டும் இருந்தது.

அடுத்த மாநாட்டுக்கு டாக்டர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. இரண்டாவது புத்தகமும் வரவில்லை. ஒரு புத்தகத்து ஆள் என்று பேச்சு ஆகிவிட்டது. "நீங்க கொண்டுவந்த ஆளாச்சே, என்ன ஆனாரு?" என்று கேட்பார்கள். "ஊர்ல பல்லு ஜாஸ்தி போல" என்று சிரித்து மழுப்புவாள். ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் கணவர் மட்டும், "என் நாவல் எப்படிப் போவுது?" என்பார். அவளுக்குச் சிரிப்பு வராது.

கடைசிப் பக்கம் கையில் இல்லாத கதையை அவள் அதன்பிறகு யாரிடமும் சொன்னதில்லை. எத்தனை கெஞ்சினாலும் சரி. மற்றபடி எல்லாம் முன்போலத்தான். ஆனால் வரிசையில் யாராவது "அப்புறம்?" என்று கேட்கும்போதெல்லாம் தனக்கும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது என்பது நினைவுக்கு வரும். டாக்டர் எழுதி வைத்திருந்த முடிவு என்ன?

*

இப்போது மாநாடு ஒரு ஹோட்டலில் நடக்கிறது. தரையெல்லாம் கம்பளம். யார் வருவதும் காதில் விழுவதில்லை, திடீரென்று பக்கத்தில் நிற்கிறார்கள். குளிர் தாங்காமல் பாதிப் பேர் சால்வையைப் போர்த்தியிருந்தார்கள், சால்வைக்கு இப்போதுதான் ஒரு பயன் கிடைத்திருக்கிறது. பெயர் அட்டை கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது. சட்டையில் ஓட்டை இல்லை.

நிகழ்ச்சி நிரலில் 'நெட்வொர்க்கிங் நேரம்' என்று ஒன்று இருந்தது. இரண்டு வரிசை நாற்காலிகள் எதிரெதிரே. ஒரு வரிசை உட்கார்ந்தே இருக்கும், மற்ற வரிசை மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு நாற்காலி தள்ளி உட்கார வேண்டும். மணி வைத்திருந்த பெண், "மணி அடிக்கறதுக்குள்ள உங்க புத்தகத்தச் சொல்லி முடிச்சிடணும், சரியா?" என்று மைக்கில் சொன்னாள். அக்காவுக்கு உட்கார்ந்தே இருக்கிற, முழங்கால் வலிக்காத வரிசையில் இடம் கிடைத்தது.

முதலில் வந்தவர் ஓர் அட்டையை நீட்டினார். "நீங்க என்ன எழுதறீங்க?"

"நான் திருத்தறேன்."

"ஓ, எடிட்டிங்கா? எந்தப் பப்ளிஷர்?"

"இப்போதைக்கு ஒரு மாத்திரை கம்பெனி."

அவர் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்பதுபோலப் பார்த்தார். மணி அடித்தது. அடுத்து வந்த பெண் தன் நாவலை மூச்சு விடாமல் சொன்னாள், முடிவு உட்பட. அக்காவுக்கு அய்யோ என்றிருந்தது. மணி அடித்தது. அக்கா தன் பையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

எதிரே பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

முதுகு இன்னும் கொஞ்சம் குனிந்திருந்தது. முடி போய்விட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பக்கத்து நாற்காலிகளில் புத்தகங்கள் மளமளவென்று விற்றுக்கொண்டிருந்தன. அவள் வாயைத் திறந்தாள். அவர் தன்னையறியாமல் குனிந்து பார்த்தார், பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு நிமிர்ந்தார். மணி அடித்தது.

"சாப்பாட்டுல பாப்போம்" என்று எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போனார்.

சாப்பாடு நீள மேசையில், இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்ளலாம். வரிசை என்று ஒன்று நிற்பதற்குள் தீர்ந்துவிடும். வழியில் பெரியவரின் மகள் நின்றிருந்தாள். அப்பாவுக்குப் பின் பதிப்பகத்தை அவள்தான் நடத்துகிறாள், நரை விழுந்துவிட்டது. அக்காவுக்கு இன்னும் பாப்பாதான். பாப்பா மாநாட்டில் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஒரு கையில் காப்பி, மறுகையில் கைபேசி. யார் பேசினாலும் கட்டை விரல் கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

டாக்டர் வரிசையின் வாலில் நின்று, பின்னால் வருகிறவர்களையெல்லாம் முன்னால் விட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க முன்னாடி போங்க அக்கா."

"வேணாம் டாக்டர். வரிசை நீளமா இருந்தாத்தான் எனக்குப் பேச்சே வரும்."

அவர் சிரித்தார். ஓரத்துப் பல் ஒன்று இல்லை.

"என்ன டாக்டர், உங்களுக்கேவா?"

"எனக்கு யார் புடுங்கறது? அதுவா விழுற வரைக்கும் வலிச்சுது."

அவள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும். நீங்க எழுதி வச்சிருந்த கடைசி அத்தியாயம். அதுல என்னதான் இருந்துச்சு?"

டாக்டர் ஒரு தட்டை எடுத்து, கருவியைத் துடைப்பதுபோல ஓரம் ஓரமாகத் துடைத்தார்.

"ஒண்ணும் நடக்காதுக்கா. பாலம் தொறந்தாச்சு. மேல வண்டிங்க போவுது. ரெண்டு பேரும் எப்பவும் போலக் காலைல வந்து படகுல ஏறி, இவன் இந்தக் கோடி, அவன் அந்தக் கோடின்னு உக்காந்துக்குவாங்க. யாரும் வரமாட்டாங்க. உக்காந்தே இருப்பாங்க. நடுவுல எடம் காலியா இருக்கும். அவ்வளவுதான்."

அவளுக்கு அந்தக் காலி இடம் தெரிந்தது. படகு லேசாக ஆடுவதும், மேலே போகிற வண்டிகளின் நிழல் அதன்மேல் விழுந்து விழுந்து போவதும் தெரிந்தன. எவ்வளவு நேரம் நின்றாளோ, பின்னாலிருந்தவர், "அம்மா, கரண்டிய விட்டீங்கன்னா நான் போட்டுக்குவேன்" என்றார். கரண்டியைப் பிடித்த கை சோற்றுக்கு மேலே அப்படியே நின்றிருந்தது.

"அதுதான் சரி" என்றாள்.

"அதுக்குப் பத்துப் பேர் வந்திருப்பாங்க. உங்களுதுக்கு ஊரே வந்துச்சு."

"அந்தப் பத்துல நான் ஒருத்தி டாக்டர். எனக்கு வேணும்ல?"

டாக்டர் ஒரு முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தார். இருவரும் சுவரோரமாகப் போய் நின்றார்கள்.

"அப்பவே இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பெரியவர் கண்ணுல தண்ணி நிக்குது, எப்படி இல்லங்கறது? அதோட..." அவர் நிறுத்தினார். "கேட்டதும் எனக்கும் புடிச்சுப்போச்சு. அதுதான் கோளாறு. அதுக்கப்புறம் எது எழுதினாலும் கடைசி அத்தியாயத்துக்கு வந்தா உங்க குரல் கேக்குதுக்கா. நான் ஒரு முடிவு எழுதுவேன், பின்னாடி நின்னு நீங்க ஒண்ணு சொல்வீங்க. அதுவும் நல்லாத்தான் இருக்கும். ரெண்டையும் கிழிச்சுப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவேன்."

அவள் முட்டையைப் பார்த்தாள். இந்த முறை நிமிர்ந்துவிட்டாள்.

"டாக்டர், அது என் குரல் இல்ல."

"பின்ன?"

"எங்க வீட்டுக்காரரு. ஃபேன் மாட்டிக்கிட்டு இருந்தப்ப சொன்னாரு. கை குடுக்கறது அவர் யோசனை."

"அவரு என்ன எழுதறாரு?"

"கரண்ட் பில்லுகூட எழுத மாட்டாரு. ஆஸ்பத்திரில எலக்ட்ரீஷியன்."

டாக்டரின் தோள் குலுங்கத் தொடங்கியது. குழம்பு தட்டிலிருந்து கம்பளத்தில் சிந்தியது. "அடக் கடவுளே! இத்தனை வருஷமா நான் ஒரு எலக்ட்ரீஷியன்கூடயா மல்லுக்கட்டிட்டு இருந்தேன்?" கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமலும்.

சிரித்து ஓய்ந்ததும் அவர் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "இப்ப ஒண்ணு எழுதிட்டு இருக்கேன்" என்றார். அவளைப் போலவே, நிதானமாக, வரிசையில் நின்று சொல்வதுபோலச் சொன்னார். ஒரு பஸ் டிரைவர், அவன் மனைவி. வீடு கடைசி நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. ஆனாலும் தினமும் சாயங்காலம் அவள் வந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவன் பஸ்ஸை நிறுத்தி இறங்கியதும் இரண்டு பேருமாகச் சாலையைக் கடப்பார்கள். அவ்வளவு தூரம்தான் அவர்கள் சேர்ந்து நடப்பது. ஒரு நாள் பஸ் வருகிறது. ஓட்டிக்கொண்டு வந்தவன் வேறு ஆள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கதவை மட்டும் திறக்கிறான். அவளும் ஒன்றும் கேட்கவில்லை, ஏறி உட்காருகிறாள். கடைசி நிறுத்தத்திலிருந்து பஸ் கிளம்புகிறது.

"அப்புறம்?" என்று அவள் கேட்டாள். கேட்டதும்தான் தெரிந்தது, இதைத் தான் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று.

"அது தெரிஞ்சா நான் ஏன் இவ்வளவு தூரம் வர்றேன்? நீங்க சொல்லுங்க. இல்ல, அவர்கிட்ட கேட்டாவது சொல்லுங்க. இந்தத் தடவை நான் சண்டை போடல."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு முடிவு உடனே தோன்றியது. அழகான முடிவு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு மென்றாள். பேச முடியாது. மென்றுகொண்டே கையை ஆட்டிப் பாப்பாவைக் கூப்பிட்டாள்.

"என்ன அத்த?" பாப்பா வந்தாள், கட்டை விரல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு கதை கேக்கறியா?"

"மெயில் போடச் சொல்லுங்களேன்."

"உங்கப்பா ஒரு நாளும் மெயில் கேட்டதில்ல."

கடைசிப் பக்கம் இல்லாத கதையைச் சொல்வதில்லை என்பது அவள் வைத்திருந்த கணக்கு. இந்தக் கதைக்குக் கடைசிப் பக்கம் உலகத்திலேயே இல்லை. டாக்டர், "அக்கா, வேணாம்" என்று மெல்லச் சொன்னார். அவள் காதில் வாங்காமல் ஆரம்பித்தாள். பெஞ்சில் மனைவி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சாலையைக் கடந்தார்கள், மறுபடி கடந்தார்கள். வேறு டிரைவர் வந்தான். கதவு திறந்தது. பஸ் கிளம்பியது.

அவள் நிறுத்தினாள்.

பாப்பாவின் கட்டை விரல் திரைக்கு மேலே அப்படியே நின்றிருந்தது.

"அப்புறம் அத்த?"

"எனக்குக் கை கழுவணும். இதோ நிக்கிறாரே, இவரு எழுதறதுதான். இவர்கிட்ட கேளு."

டாக்டர் அவளைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்த மாதிரியேதான். அவள் இப்போது பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தம்மா ஜன்னலோரமா..." என்று தொடங்கினார். அதற்குள் அவள் திரும்பி வேகமாக நடந்துவிட்டாள், மீதி காதில் விழுந்துவிடக் கூடாதென்று. கம்பளத்தில் அவள் நடையும் கேட்கவில்லை. கை கழுவும் இடத்தில் கண்ணாடி இருந்தது. அதில், தூரத்தில், டாக்டர் முன்னால் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். பாப்பா கைபேசியைப் பைக்குள் போடுவது தெரிந்தது.

கை ஈரம் உலர்வதற்குள் கணவர் கூப்பிட்டார்.

"என்ன, டாக்டரு வந்தாரா? என் நாவலப் பத்திக் கேட்டாரா?"

"வந்தாரு. புதுசா ஒண்ணு எழுதறாரு."

"என்ன கதை?"

அவள் ஜன்னலோரமாக நின்று சொன்னாள். அந்தப் பக்கம் எதையோ திருகுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பிய இடத்தில் நிறுத்தினாள். ஸ்க்ரூ டிரைவர் தரையில் வைக்கப்படுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அப்புறம்?"

"தெரியாதுங்க."

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? அந்தப் பொம்பள நேரா..."

"சொல்லாதீங்க" என்றாள் அவள். "புத்தகம் வரட்டும்."